ஆனந்தம்: சொல்லும் பொருளும்

மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள கூமாப்பட்டி, வத்திராயிருப்பு முதலிய ஊர்களிலிருந்து திருவாடிப்பூரத்திற்கு ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லும் அடியார்கள், நாச்சியாரைச் சேவித்து வீடு திரும்பியதும், சேவை எப்படி என்று கேட்போருக்குப் பெரும்பாலும் ஒரே சொல்லில் விடை கூறுவர். ‘ஆனந்தம்’ என்பதே அச்சொல். நெரிசலில் நின்ற கால்வலியும், வடம் பிடித்த உள்ளங்கையின் எரிச்சலும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிப்போகின்றன. பள்ளிப்படி ஏறாதவரும் தடையின்றி வழங்கும் இச்சொல், வேதாந்தத்தில் பரம்பொருளுக்கே இலக்கணமாக வைக்கப்பட்ட சொல் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதன் பிறப்பையும், அது நடந்து வந்த வழியையும், அது யாருக்கு உரியது என்று பெரியோர்கள் வழக்காடியதையும் இங்குக் காணலாம்.

வடமொழி இலக்கணம் கற்கும் சிறுவன் தாதுபாடத்தை மனப்பாடம் செய்யும்போது ‘நதி’ என்றொரு தாதுவைக் காண்கிறான். ‘டு’ என்ற அடையாள எழுத்தை முன்னே கொண்டு ‘டுநதி’ என்றே அது ஓதப்படும். ஈற்றிலுள்ள இகரமும் ஓர் அடையாளமே. அவ்விகரம் இருப்பதால் நடுவில் ஒரு ‘ந்’ தோன்றி ‘நந்த்’ என்றாகிறது. ‘ஆ’ என்ற உபஸர்க்கம் முன்னே சேர்ந்து, பெயராக்கும் விகுதியும் பெற்று ‘ஆனந்தம்’ பிறக்கிறது. இது வரையில் மாணவர்கள் எல்லோரும் அறிவர். கவனிக்க வேண்டியது, அந்தத் தாதுவுக்குப் பாணினீய மரபு கூறும் பொருள். சிரிப்பு என்றோ, மகிழ்ச்சி என்றோ அங்குச் சொல்லப்படவில்லை. ‘ஸம்ருத்தி’ என்று சொல்லப்பட்டுள்ளது. ஸம்ருத்தியாவது குறைவற நிறைதல், செழித்தல். ‘ஆ’ என்னும் முன்னொட்டோ ‘முழுதும், எல்லை வரையில்’ என்ற கருத்தைத் தரவல்லது. சேதுவிலிருந்து இமயம் வரை என்பதை ‘ஆஸேதுஹிமாசலம்’ என்பதும், சிறுவர் முதல் இடையர் ஈறாக எல்லோரும் என்பதை ‘ஆபாலகோபாலம்’ என்பதும் இம்முன்னொட்டைக் கொண்டே.

ஆகவே ஆனந்தம் என்பது முதலில் மனத்தின் ஒரு துள்ளலைக் குறித்த சொல் அன்று. நிறைவைக் குறித்த சொல். இதை விளக்க நூல்களைத் தேட வேண்டியதில்லை. கூமாப்பட்டி வட்டாரத்து உழவர்கள் இதை ஆண்டுதோறும் கண்ணால் காண்கின்றனர். மலையில் மழை பெய்து, பெரியாறும் கோவிலாறும் பெருகி, பிளவக்கல் அணைகள் நிரம்பி, கண்மாய்க்கு நீர் வந்து சேர்கிறது. கண்மாய் பாதி நிறைந்திருக்கும்போது அதன் நீர் அதற்கே உரியது. முழுதும் நிறைந்த அன்றுதான் மறுகால் பாய்கிறது. அடுத்த கண்மாய்க்கும் நீர் கிடைக்கிறது. நிறைவு என்பது தன்னளவில் நின்றுவிடாமல் பிறர்க்கும் பாய்வது என்ற இக்கருத்து இச்சொல்லின் வரலாறு முழுதும் கூடவே வருகிறது.

ஸ்ரீவிஷ்ணு ஸஹஸ்ரநாமத்தை நாள்தோறும் பாராயணம் செய்வோர், ஆனந்தன், நந்தனன், நந்தன் என்ற மூன்று திருநாமங்கள் அடுத்தடுத்து வருவதை அறிவர். மூன்றும் ஒரே தாதுவில் பிறந்தவை. ஒரே பொருளை மூன்று முறை கூறுவானேன் என்ற ஐயம் எழுவது இயல்பு. உரைகளின் போக்கில் நோக்கினால், ஆனந்தத்தையே இயல்பாக உடையவன் ஆனந்தன். பிறரை ஆனந்திக்கச் செய்பவன் நந்தனன். எதிலும் குறைவின்றிச் செழித்தவன் நந்தன். நிறைதலும் பாய்தலும் பாய்ந்த பின்னும் குறையாமையும் இம்மூன்றில் அடங்கிவிடுகின்றன. கண்மாய்க்கு இல்லாதது அந்த மூன்றாவது.

மகிழ்ச்சியைக் குறிக்க வடமொழியில் வேறு சொற்கள் இல்லாமலில்லை. அமரகோசம் இவ்வினத்தில் பன்னிரண்டு சொற்களைத் தொகுத்திருக்கிறது. ப்ரீதி, ஹர்ஷம், ப்ரமோதம், ஆமோதம், சுகம் ஆகியவை அவற்றுட் சில. நிகண்டு ஒரே பொருளில் அடக்கினாலும் ஒவ்வொன்றும் வேறு வேறு வாசல் வழியாக வந்தது. ஹர்ஷம் உடம்பில் தோன்றுவது. மயிர்க்கூச்செறிதலை ரோமஹர்ஷம் என்பது காண்க. ஆமோதம் நறுமணத்தையும் குறிக்கும். மலரைச் சூடியவரைக் காட்டிலும் பக்கத்தில் நிற்பவருக்கே அது மிகுதியாக எட்டும். சுகம் என்ற சொல்லின் கதையோ தேரோட்டத்திற்கு வரும் அன்பர்களுக்குச் சுவையாக இருக்கும். ‘ஸு’ என்றால் நல்ல. ‘கம்’ என்றால் துளை, வெளி. ரிக்வேதத்தில் இச்சொல் பெரும்பாலும் தேருக்கே அடைமொழியாக வருகிறது. சக்கரத்தின் குடத்தில் அச்சு நுழையும் துளை செம்மையாக அமைந்து, முட்டாமல் மோதாமல் ஓடும் தேரே முதலில் ‘சுகம்’ எனப்பட்டது என்று மொழியறிஞர்கள் கருதுவர். பிற்காலத்தில் மனிதனின் வாழ்வு தடையின்றி ஓடுவதற்கு அது பெயராயிற்று. ஆடிப்பூரத்தன்று வடம் பிடித்துத் தேர் நகரும்போது முதலில் எழும் அந்த ஒலியைக் கேட்டவர்களுக்கு இச்சொற்பிறப்பை ஏற்பதில் தயக்கம் இராது.

சுகம் தடையின்மை, ஆனந்தம் நிறைவு. நோயின்றி இருப்பவரைச் சுகமாக இருக்கிறார் என்கிறோமே தவிர, அது கொண்டே ஆனந்தமாக இருக்கிறார் என்று சொல்வதில்லை. உலக வழக்கு இவ்வேறுபாட்டை நன்றாகவே காத்து வந்திருக்கிறது.

தமிழின் சொற்களும் இவ்விடத்தில் எண்ணத்தக்கவை. களிப்பு, மகிழ்ச்சி என்னும் இரண்டும் பழந்தமிழில் கள்ளோடு தொடர்புடையன. திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரம் குடித்து அறிவிழந்தவனைக் ‘களித்தான்’ என்றே கூறுகிறது. மகிழ் என்பது பழைய பாடல்களில் கள்ளையும் அதனால் வரும் மயக்கத்தையும் குறிக்கும். உள்ளே ஒன்று புகுந்து தன்னை மறக்கச் செய்வதே இச்சொற்களின் அடிப்படை. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்தது உவகை. விளையாட்டு, செல்வம், அறிவு, அன்புடையாரோடு கூடுதல் என்ற நான்கு நிலைக்களங்களில் அது தோன்றும் என்பது அவர் கொள்கை. இதனைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் உபநிஷத்தில் இதற்கு ஒப்பான ஒரு கணக்கு வரும்.

இங்கே இரண்டு மயக்கங்களை நீக்கிவிடுவது நல்லது. ஒன்று, ஆனந்தம் வேறு, அனந்தம் வேறு. அந்தம் இல்லாதது அனந்தம். முடிவற்றது என்று பொருள். ஸ்ரீவில்லிபுத்தூரில் வடபத்ரசாயி பள்ளிகொண்டருளும் பாம்பணை அனந்தன். முதலெழுத்தின் குறில் நெடில் வேறுபாட்டில் ஒரு தாதுவே மாறிப்போகிறது. பெயர் எழுதுவோர் இதில் கருத்தின்றியிருப்பது வருந்தத்தக்கது. மற்றொன்று, நந்தா விளக்கு. கல்வெட்டுகளில் திருநந்தாவிளக்கு என்றும் நுந்தாவிளக்கு என்றும் வருவது கொண்டு, அதை ஆனந்தத்தோடு சேர்த்துப் பொருள் சொல்வார் உளர். அது தமிழ்ச் சொல். நந்துதல் என்பதற்குக் கெடுதல், அவிதல் என்ற பொருள் உண்டு. நந்தா விளக்கு அவியாத விளக்கு. அதே நந்துதலுக்கு வளர்தல் என்ற நேர்மாறான பொருளும் தமிழில் உண்டு என்பது வியப்பே. வளர்தல் என்னும் அப்பொருள் ஸம்ருத்திக்கு அருகில் நின்றாலும், ஓசையும் பொருளும் ஒத்தன என்பது கொண்டு இரண்டும் ஒரே சொல் என்று துணிந்துவிடலாகாது.

நந்த் என்னும் தாதுவின் குடும்பமோ திருக்கோயிலெங்கும் பரவிக் கிடக்கிறது. திருமலையில் விமானம் ஆனந்த நிலையம். எம்பெருமானின் வாள் நந்தகம். அதன் அம்சமாகத் திருமயிலையில் அவதரித்தவர் பேயாழ்வார் என்பர். ஆனந்தம் என்று பெயர் பெற்ற வாள், பக்தியினால் உலகோர் கண்ணுக்குப் பித்தராய்த் தோன்றிய ஆழ்வாராகப் பிறந்தது பொருத்தமே. மணம், பூணூல் முதலிய மங்கல காரியங்களுக்கு முன் செய்யப்படும் நாந்தியும் இத்தாதுவே; மறைந்த முன்னோர் வீட்டின் நிறைவைக் கண்டு மகிழ்வதாக அங்குக் கருதப்படுகிறது. திருவாய்ப்பாடியின் தலைவர் நந்தகோபர். இவற்றையெல்லாம் விட ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நெருங்கிய சொல் ஒன்று உண்டு. அது நந்தவனம்.

இந்திரனுடைய தோட்டத்திற்கு நந்தனம் என்று பெயர். நந்தன வனம் என்பதே தமிழில் ஓரெழுத்துக் குறைந்து நந்தவனமாகி, கோயிலுக்குப் பூக்கொடுக்கும் எந்தத் தோட்டத்திற்கும் பெயராயிற்று. விண்ணுலகத் தோட்டத்தின் பெயரை ஊருக்கு ஊர் இறக்கிவைத்தது தமிழ் நாட்டின் துணிவு. பெரியாழ்வார் வேதம் ஓதும் குலத்தில் பிறந்தும், வாதம் செய்வதைத் தம் தொழிலாகக் கொள்ளாமல், மண்ணைக் கொத்திப் பாத்தி கட்டி, பூந்தோட்டம் வளர்த்து, மாலை கட்டி வடபத்ரசாயிக்குச் சூட்டி வந்தார். கண்ணனுக்குப் பூச்சூட்டுவதற்கென்றே ஒரு திருமொழி பாடியவர் அவர். அந்தத் தோட்டத்தில் துளசிச் செடியின் அடியில், ஆடித் திங்கள் பூர நட்சத்திரத்தில் ஆண்டாள் அவதரித்தாள். ஆனந்தத்தின் தாதுவைப் பெயரில் தாங்கிய அந்த இடம் வடபத்ரசாயி கோயிலுக்கும் ஆண்டாள் கோயிலுக்கும் இடையில் இன்றும் சேவிக்கப்படுகிறது.

இனி உபநிஷத்துக்கு வரலாம். தைத்திரீய உபநிஷத்தில் ஆனந்தவல்லி என்று ஒரு பகுதி உண்டு. உலகில் எதையும் அளக்க ஓர் அளவு வேண்டும். நிலத்திற்குக் கோல், நெல்லுக்கு மரக்கால். ஆனந்தத்திற்கு அளவு எது என்று அப்பகுதி கேட்கிறது. வாலிபன் ஒருவன், நல்லவன், கற்றவன், திடமும் வலிமையும் உடையவன், செல்வம் நிறைந்த பூமி முழுதும் அவனுக்கே உரியது. இவனுடைய இன்பம் மனித ஆனந்தம் ஒன்று என்று உபநிஷத் கணக்கை ஆரம்பிக்கிறது. தொல்காப்பியர் கூறிய செல்வமும் அறிவும் இங்கும் வந்திருப்பதைக் காணலாம். உலக இன்பத்தை இழித்துப் பேசாமல், அதையே கையில் எடுத்து அளவுகோலாக வைத்த நேர்மை குறிப்பிடத்தக்கது. பிறகு மனுஷ்ய கந்தர்வர், தேவ கந்தர்வர், பித்ருக்கள் என்று தொடங்கி, தேவர்களின் மூன்று வகுப்புகளைக் கடந்து, இந்திரன், பிருஹஸ்பதி, பிரஜாபதி என்று படிப்படியாக ஏறி, ஒவ்வொரு படியிலும் முன்னதைப் போல் 100 மடங்கு என்று கூறி, பத்தாவது படியில் பிரம்மத்தின் ஆனந்தத்தில் நிறுத்துகிறது. கணக்கிட்டுப் பார்த்தால் 1 என்ற எண்ணின் பக்கத்தில் 20 சுழியங்கள் இட வேண்டும். ஆயினும் அந்த எண் முடிவன்று. வாக்கும் மனமும் அதை எட்டமுடியாமல் திரும்பிவிடுகின்றன என்று அதே வல்லி உடனே கூறிவிடுகிறது. எண்ணத் தொடங்கியது, எண்ண முடியாது என்பதைக் காட்டுவதற்காகவே. நம்மாழ்வாரின் திருவாய்மொழி முதற் பாசுரத்தில் வரும் ‘நலம்’ என்னும் சொல்லுக்கு ஆனந்தம் என்று பொருள் கொள்ளும் வியாக்கியான மரபும் இவ்வல்லியை நினைந்தே எழுந்தது.

இப்பகுதியில்தான் பெரிய வழக்கு ஒன்று பிறந்தது. மனிதனை அன்னமயம், பிராணமயம், மனோமயம், விஜ்ஞானமயம், ஆனந்தமயம் என்று உள்ளுக்குள் உள்ளாக ஐந்தாக உபநிஷத் கூறுகிறது. ஐந்தாவதான ஆனந்தமயம் என்பது பரம்பொருளா, அல்லது பரம்பொருளை மூடிய மற்றொரு உறையா என்பதே கேள்வி. வழக்கு முழுதும் ‘மயம்’ என்ற சிறு விகுதியின் மேல் நிற்கிறது. பாணினி அதற்கு இரண்டு பொருள் தருகிறார். மண்மயமான குடம் என்றால் மண்ணிலிருந்து ஆக்கப்பட்ட குடம், இது விகாரம். திருவிழா நாளில் வீதியெங்கும் ஜனமயம் என்றால் வீதி ஜனங்களால் ஆக்கப்பட்டது என்று எவரும் கொள்ளமாட்டார். ஜனங்கள் மிகுந்தது என்றே பொருள். இது ப்ராசுர்யம், அதாவது மிகுதி. ஆனந்தமயம் ஆனந்தத்தின் விகாரமானால், அது ஆக்கப்பட்ட பொருள், பரம்பொருளாகாது. ஆனந்தம் மிகுந்தது என்று கொண்டால் அது பரம்பொருளே.

பிரம்மசூத்திரத்தின் முதல் அத்தியாயம் முதற் பாதத்தில் இவ்வாராய்ச்சிக்கென்றே ஓர் அதிகரணம் அமைந்திருக்கிறது. விகாரம் என்னும் எதிர்வாதத்தைக் குறிப்பிட்டு, மிகுதி என்பதனால் அது பொருந்தாது என்று சூத்திரகாரரே விடை கூறுகிறார். ஆயினும் ஆதிசங்கரர் தம் பாஷ்யத்தில் வலிமையான ஒரு வினாவை எழுப்பினார். அன்னமயம் என்பதில் விகாரம் என்று கொண்டுவிட்டு, அதே வரிசையில் ஐந்தாவதற்கு மட்டும் மிகுதி என்று திடீரென மாற்றுவது எவ்வாறு? மேலும், மிகுதி என்று சொன்னால் சிறிதளவு துன்பமும் அங்கே கலந்திருப்பதாக ஆகாதா? இவ்வினாக்களை எளியவை என்று ஒதுக்குவது கற்றோர்க்கு அழகன்று. ஸ்ரீபாஷ்யகாரரான இராமாநுசர் இவற்றுக்கு விடையிறுத்தார். பிராணமயம் என்ற இடத்திலேயே விகாரப் பொருள் நில்லாமல் போய்விடுகிறது என்பது ஒரு விடை. மிகுதி என்பது பிறருடைய சிறுமையை நோக்கிச் சொன்னது. மனித ஆனந்தத்திலிருந்து படிப்படியாக அளந்து காட்டியது அதற்காகவே என்பது மற்றொன்று. சூரியன் ஒளி மிகுந்தவன் என்றால் அவனிடத்தில் கொஞ்சம் இருளும் உண்டு என்று யாரும் கொள்வதில்லை அல்லவா?

அதே அதிகரணத்தில் மற்றொரு சூத்திரம், ஆனந்தத்திற்குக் காரணமாகச் சொல்லப்பட்டிருப்பதாலும் அது பரம்பொருளே என்கிறது. பிறரை ஆனந்திக்கச் செய்பவன் அவனே என்று உபநிஷத் கூறுவதை அது சுட்டுகிறது. பிறரைச் செல்வராக்குபவன் தான் செல்வம் மிகுந்தவனாக இருக்க வேண்டும் என்பது போன்ற நியாயம் இது. ஆனந்தன், நந்தனன் என்ற திருநாமங்களின் வரிசையும், மறுகால் பாயும் கண்மாயும் இங்கே மீண்டும் நினைவுக்கு வரும்.

கற்றோர் வழக்கு இவ்வாறிருக்க, கற்காதவரைத் தொடும் வினா ஒன்று எஞ்சி நிற்கிறது. இம்மலரைப் படிக்கும் அன்பர்களுக்கு அதுவே முக்கியமானது. ஆனந்தத்தை அளந்துகொண்டே போகும் உபநிஷத், கந்தர்வர் படியிலிருந்து மேலே ஒவ்வொரு படியிலும், அதே ஆனந்தம் ச்ரோத்ரியனும் அகாமஹதனுமான ஒருவனுக்கும் உண்டு என்று சேர்த்துக்கொண்டே வருகிறது. ச்ரோத்ரியன் வேதம் ஓதியவன். அகாமஹதன் ஆசையால் அடியுண்டு போகாதவன். விண்ணுலகம் சென்றுதான் பெற வேண்டும் என்பதில்லை, இங்கேயே உண்டு என்பது பெரும் ஆறுதல். ஆனால், வேதம் ஓதியவனுக்கு என்று ஒரு வேலி அங்கே இருக்கிறதே! அதிகாலையில் வயலுக்குச் சென்று, மாலையில் மாட்டைக் கட்டிவிட்டு, ஆண்டுக்கொரு முறை ஆடிப்பூரத்திற்கு வரும் உழவனும் அவன் மனைவியும் ‘ஆனந்தம்’ என்று சொல்வது வெறும் சொல்தானா? வேதம் ஓதிய வாயைத்தவிர வேறு வாய்க்கு அச்சொல்லின் பொருள் எட்டாதா?

இதற்கு விடை வடமொழியில் எழுதப்படவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் தமிழில் பாடப்பட்டது.

பெரியாழ்வார் கண்ணன் பிறந்த நாளைப் பாடுகிறார். திருக்கோட்டியூரை நெஞ்சில் வைத்து அங்கே திருவாய்ப்பாடியைக் காண்கிறார். நந்தகோபரின் வீட்டு முற்றத்தில் ஒருவர்மேல் ஒருவர் எண்ணெயும் மஞ்சட்பொடியும் வீசி, முற்றம் சேறாகிவிடுகிறது. ஓடுவார், விழுவார், கூவுவார், குழந்தை எங்கே என்று தேடுவார், பறை கொட்ட நின்று ஆடுவார். உறியிலிருந்த பாலும் நெய்யும் தயிரும் முற்றத்துக்கு வந்துவிடுகின்றன. அங்கே ச்ரோத்ரியர் ஒருவரும் இல்லை, எல்லோரும் இடையர். உபநிஷத் 20 சுழியங்களால் காட்டிய பொருள், நந்தன் என்ற பெயருடைய ஒருவரின் முற்றத்தில் சேறாகக் கிடக்கிறது. மனித ஆனந்தத்தின் அளவாக உபநிஷத் கூறிய செல்வமும் கல்வியும் அவர்களிடம் இல்லை. குழந்தை பிறந்திருக்கிறது, அது போதுமாக இருந்தது.

இவ்வாழ்வாரின் வாழ்விலும் அப்படியே. மதுரையில் பாண்டியன் சபையில் பொற்கிழி பெற்று, யானைமீது பவனி வரும்போது எம்பெருமான் கருடன்மேல் எழுந்தருளிக் காட்சி கொடுத்தான் என்பது வரலாறு. வேண்டியதைக் கேட்டிருக்கலாம். அவரோ, இவ்வழகுக்குக் கண்ணேறு பட்டுவிடுமே என்று அஞ்சி, யானையின் மணிகளைத் தாளமாகக் கொண்டு அவனுக்கே பல்லாண்டு பாடினார். ஆனந்தம் நிறைந்த இடத்தில் கவலையும் எப்படி வந்தது என்று கேட்கலாம். நிறைந்தது தன்னளவில் நிற்காமல் எதிரே நிற்பவன்மேல் பாய்ந்தது. பூர்வாசாரியர்கள் அதனைப் பரிவு என்றனர். காளிதாசன் ரகுவம்சத்தின் பதினான்காம் ஸர்க்கத்தில், வனவாசம் முடிந்து திரும்பிய மக்களைத் தழுவும் தாயர் கண்களில், துயரத்தின் சூடான கண்ணீரை ஆனந்தத்தின் குளிர்ந்த கண்ணீர் ஊடுருவிப் பாய்ந்தது என்று வருணிக்கிறான். கோடையில் காய்ந்த ஆற்று நீரில் இமயத்தின் பனிநீர் கலப்பது போல என்பது அவன் உவமை. இரண்டு கண்ணீரும் ஒரே கண்ணில் சேர்ந்திருக்கலாம் என்பதைத் தாயர் அறிவர். பெரியாழ்வாரும் கண்ணனுக்குத் தாயாகிப் பாடியவரே.

அவர் திருமகளாரான ஆண்டாள் அந்தணர் இல்லத்தில் வளர்ந்தும், திருப்பாவையில் தன்னை ஆயர் சிறுமியாகவே வைத்துக்கொண்டாள். இருபத்தெட்டாம் பாசுரத்தில், தாங்கள் மாடுகளின் பின்னே காடு சென்று அங்கே உண்டு திரிபவர்கள், அறிவு என்று சொல்லத்தக்கது எதுவும் தங்களிடம் இல்லை என்று வெளிப்படையாக விண்ணப்பம் செய்கிறாள். ஆனால் கண்ணா, உன்னோடு எங்களுக்குள்ள உறவு ஒழிக்க ஒழியாதது என்கிறாள். ச்ரோத்ரியன் என்னும் தகுதி இல்லை, உறவு இருக்கிறது. வேலியைப் பிடுங்கி எறியாமல், அதன் பக்கத்திலேயே ஒரு வாசல் வைத்தாள் நாச்சியார். அகாமஹதன் என்னும் மற்றொரு தகுதியோ அடுத்த பாசுரத்தில் நிறைவேறுகிறது. பறை கேட்டு வந்தவர்கள், பறைக்காக வரவில்லை, உனக்கு ஆட்செய்வதே வேண்டும், மற்ற ஆசைகளை மாற்றிவிடு என்று கூறிவிடுகின்றனர்.

இதற்கு முந்திய இருபத்தேழாம் பாசுரத்தை வேதாந்தம் கற்றோர் பெரிதும் போற்றுவர். நோன்பு முடிந்து, அணிகலன் பூண்டு, புத்தாடை உடுத்து, நெய் முழங்கை வழியே வழியும் பாற்சோற்றை எல்லோரும் சேர்ந்து உண்ணும் பாசுரம் அது. மார்கழி 27-ஆம் நாளன்று கூடாரவல்லி என்று அக்காரவடிசில் அமுது செய்யப்படுவது இது பற்றியே. ஆனந்தவல்லியின் தொடக்கத்தில், பிரம்மத்தை அறிந்தவன் எல்லா விருப்பங்களையும் பிரம்மத்தோடு கூட அனுபவிக்கிறான் என்று வருகிறது. ‘கூட’ என்பதற்கு அங்குள்ள சொல் ‘ஸஹ’. ஒன்றாகிக் கரைவது அன்று, தனித்து உண்பதும் அன்று, உடனிருந்து உண்பது. அந்தச் சிறு சொல்லுக்கு ஆண்டாள் தந்த உரை ஒரு பந்தி. வல்லியின் தொடக்கத்திலுள்ள ‘ஸஹ’வும், மார்கழியின் முடிவிலுள்ள கூடலும் ஒரே பொருள். வேதம் ஓதாதவர் அப்பந்தியில் உட்காரலாகாது என்று சொல்ல அங்கே எவரும் இல்லை.

ஆனந்தமயம் என்பதற்கு ஸ்ரீபாஷ்யத்தில் பொருள் நிறுவிய இராமாநுசர், திருப்பாவையில் ஈடுபட்டுத் திருப்பாவை ஜீயர் என்றே பெயர் பெற்றவர். நாச்சியார் திருமொழியில் ஆண்டாள், திருமாலிருஞ்சோலை அழகர்க்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா நிறைந்த அக்காரவடிசிலும் நேர்ந்து வைத்திருந்தாள். நேர்ந்தபடி செலுத்தியதாக அவள் பாடவில்லை. பல தலைமுறைகளுக்குப் பின் அதைப் படித்த இராமாநுசர், திருமாலிருஞ்சோலைக்குச் சென்று நூறு தடா அக்காரவடிசிலும் வெண்ணெயும் சமர்ப்பித்துவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தார் என்று குருபரம்பரை கூறும். சந்நிதியில் நின்றவரை நாச்சியார் அர்ச்சாமூர்த்தியாகவே முன்வந்து, தங்கையின் நேர்த்தியை நிறைவேற்றிய தமையனை அழைப்பது போல ‘அண்ணா’ என்று அழைத்தருளினாள். அது முதல் அவருக்குக் கோயில் அண்ணன் என்று ஒரு திருநாமம் வழங்கலாயிற்று.